ட்ரக்டரில் ஏறாத சிவரூபி

சிவரூபிக்கு ட்ரக்டர் என்றாலே ஆகாது என்று தர்மபுரத்தில் ஒரு கதை உலாவுகிறது. சுத்தப் பொய். விதைப்புக் காலத்தில் நெல்மூட்டைகளுக்கு மேலே ஏறி இருந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வழியில் நிற்கிற எல்லாரையும் நக்கலடித்தபடி வயலுக்குப் போகிற மனுசி அவள். ட்ரக்டரோடு அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கூழாவடிக்குளத்தின் அணைக்கட்டில் வைத்து, "பொம்பிளையள் எல்லாரும் ட்ரக்டர்ப் பெட்டியில ஏறுங்கோ" என்று சொன்ன வாயோடுதான் அவளுக்குச் சண்டை.

அந்த வாய் வீரகத்தியருடையது. வருசாவருசம் எங்கள் பக்கத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே போகிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். வேல் அவர் கையில்தான் போகும். அவருடைய தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்து, காடு வெட்டி வயலாக்கியவர்கள். மனுசன் நல்லவர், அதில் பொய் சொல்லக் கூடாது. ஊரில் ஒருவருக்குப் பாம்பு கடித்தால் முதலில் ஸ்டார்ட் ஆகிறது அவருடைய மோட்டார் சைக்கிள்தான். ஆனால் பொறுப்பு என்ற சொல்லை மட்டும் வெற்றிலை மாதிரி எந்நேரமும் வாயில் அடக்கி வைத்திருப்பார். "ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு? நான்தானே பொறுப்பு" என்பார். அவருடைய பொறுப்புக்காக விட்டுக்கொடுப்பது எப்போதும் மற்றவர்கள்தான்.

வைகாசியில் வெளிக்கிட்டால் ஆடியில் கொடியேறும்போது கதிர்காமத்தில் நிற்கலாம். காடு, கடற்கரை, களப்பு, வெயில் என்று அவ்வளவு தூரமும் கால்தான். அதில் ஒட்டுசுட்டானுக்குப் போகிற வழியில் கூழாவடிக்குளம் குறுக்கே கிடக்கிறது. குளத்தைக் கடக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, வயல்வெளிகளைச் சுற்றிக்கொண்டு போகிற கிரவல் ரோட்டு. மற்றது, குளத்தின் காட்டுப்பக்கக் கரையோடு பாறையும் முள்ளும் வேருமாகப் போகிற பழைய பாதை. வேல் எப்போதும் கரைப்பாதையால்தான் போகும். ஆண்கள் வேலோடு போவார்கள். பெண்கள் ட்ரக்டர் பெட்டியில் ஏறி, ரோட்டால் சுற்றி, மறுகரையில் போய் இறங்கி நிற்பார்கள்.

ஏன் அப்படி என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். ஒரு வருசம் ஒரு பெண் பாறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்ததாம், தூக்கிக்கொண்டு போக வேண்டி வந்ததாம். உண்மைதான். அடுத்த வருசம் அதே பாறையில் ஒரு ஆம்பிளை விழுந்து தோள்மூட்டு விலகியதும் உண்மைதான். அதற்காக ஆண்களை ஒருவரும் பெட்டியில் ஏற்றவில்லை.

சிவரூபி நேர்த்திக்கடன் வைத்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அவள் நடக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் ஊரே கேட்ட முதற்கேள்வி, "ஆருக்கு நேர்த்தி?" என்பது. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குத் தயாராக ஒரு பதில் இருக்க வேண்டும். காணாமல் போன தம்பி, சரிவராத கலியாணம், வெளிநாட்டில் அகப்பட்டுக்கொண்ட பிள்ளை என்று ஏதாவது ஒன்று. கேட்கிறவர் "ச்சோ" கொட்டுவதற்கு வசதியாக இருக்க வேண்டும். சிவரூபியின் புருசன் சுதாகரன் மேசன் வேலை செய்கிறான், வீட்டில் நல்ல சுகமாக இருக்கிறான். மகள் யதுர்ஷிகா உயர்தரம் படிக்கிறாள், கெட்டிக்காரி. ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

"எனக்குத்தான்" என்றாள் சிவரூபி.

"உனக்கு என்ன வருத்தம்?"

"ஒரு வருத்தமும் இல்லை."

கேட்டவர்களுக்கு முகம் கறுத்துவிட்டது. தனக்காக ஒரு பெண் நேர்த்தி வைக்கிறதா, அதுவும் வருத்தமில்லாமல் வைக்கிறதா என்று கிணற்றடியில் கொஞ்ச நாள் அதுதான் கதை. 'தோட்டத்து ஆக்கள்தானே, அவையின்ர முறை வேற' என்று சொன்னவர்களும் உண்டு. சிவரூபி பிறந்தது தர்மபுரத்தில், படித்தது தர்மபுரத்தில், பேசுகிற பேச்சும் இந்த மண்ணின் பேச்சு. ஆனாலும் அவளுடைய தகப்பன் பழனியாண்டி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதை ஊர் இன்னும் பத்திரமாக ஞாபகம் வைத்திருக்கிறது.

பழனியாண்டி வந்தவர் என்று சொல்வதும் பிழை. கலவரத்தில் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்துத் துரத்திவிடப்பட்டவர். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, கிடைத்த பக்கத்துக்கு நடந்து வன்னியில் வந்து விழுந்தவர். அவருடைய மகளுக்கும் அதே நடைதான் வாய்த்தது. கடைசி யுத்தத்தில் இடுப்பில் பிள்ளை, தலையில் பை, கையில் சட்டி பானை என்று சிவரூபி நடந்தாள். எந்தப் பக்கம் போவதென்று அவள் தீர்மானிக்கவில்லை, ஷெல் தீர்மானித்தது. பிறகு பஸ்ஸில் ஏற்றினார்கள், முகாமில் இறக்கினார்கள். பிறகு திரும்ப ஏற்றினார்கள், ஊரில் இறக்கினார்கள். ஏறு என்றால் ஏறினாள், இறங்கு என்றால் இறங்கினாள்.

ஒருநாள் கச்சான் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவளுக்கு இது சட்டென்று பிடிபட்டது. இவ்வளவு வயதில் அவள் நடந்த நடையைச் சேர்த்தால் இலங்கையைச் சுற்றி வந்திருக்கலாம். அதில் தானாக விரும்பி வெளிக்கிட்ட நடை ஒன்றுகூட இல்லை. அன்றைக்கே முருகனுக்குச் சொல்லிவிட்டாள். நான் ஒருக்கா எண்டாலும் நானா வெளிக்கிட்டு, உன்ர வாசலுக்கு நடந்து வந்து சேரோணும். இடையில ஒரு அடிகூட ஆரும் என்னை ஏத்தி இறக்கக் கூடாது. இதுதான் நேர்த்தி. முருகன் மறுப்புச் சொல்லவில்லை.

மறுப்புச் சொன்னது வீரகத்தியர். போன வருசம் கூழாவடிக்குளத்துக் கட்டில் வைத்துப் பெண்களை எல்லாம் ஏறச் சொன்னார். சிவரூபி புதிது. மற்றப் பெண்கள் ஏறினார்கள், பின்னாலிருந்து யாரோ கையைக் கொடுத்தார்கள், அவளும் ஏறிவிட்டாள். ஏறி இருந்த பிறகுதான் நெஞ்சு சுட்டது. குளம் முழுக்க மரங்களுக்கு ஊடாக அவள் கண்ணுக்கு முன்னால் போய் மறைந்தது, அவளுடைய கால் பெட்டித் தகரத்தில் இருந்தது. மிச்சம் அவ்வளவையும் நடந்தாள். கதிர்காமம் போனாள், ஆற்றில் முழுகினாள், தேங்காய் உடைத்தாள். வீட்டுக்கு வந்ததும் சுதாகரன் கேட்டான், "நேர்த்தி முடிஞ்சுதோ?"

"இல்லை. கூழாவடிக்குளம் கிடக்கு."

"கதிர்காமமே போட்டு வந்திட்டாய், பிறகென்ன குளம்?"

அவள் சோறு போட்டுக் கொடுத்தாள். சுதாகரன் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, குசினி வாசலில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தான். "ஓம், ஒரு வரிக் கல்லு விட்டுப்போட்டுச் சுவர் எழுப்ப ஏலாதுதான்" என்றான். அவனிடம் அவளுக்குப் பிடித்தது இதுதான். விளங்க நேரமெடுக்கும், ஆனால் விளங்கிவிடும்.

அதனால்தான் இந்த வருசமும் வெளிக்கிட்டாள். காலை வெயில் ஏறுவதற்கு முன்னமே கூட்டம் கூழாவடிக்குளத்துக் கட்டுக்கு வந்து சேர்ந்தது. வைகாசிக் கடைசி, குளம் பாதிக்கு வற்றிக் கிடந்தது. தண்ணீருக்குள் பட்டமரங்கள் நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டபடி இருந்தது. ட்ரக்டர் வந்து நின்றது. பைகள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டார்கள். சிவரூபியும் தன் பையைப் போட்டாள். பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஜெயபுரத்திலிருந்து வந்த சுப்பம்மா, எழுபது தாண்டியவள், ஏறி இருந்துகொண்டு சிவரூபிக்கு இடம் பிடித்து வைத்தாள்.

"ஏறுங்கோ சாமி" என்றார் வீரகத்தியர். யாத்திரையில் எல்லாரும் சாமிதான். ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் என்ற பேதமில்லை. ஒருவரை ஒருவர் திட்டுவதென்றாலும் சாமி போட்டுத்தான் திட்ட வேண்டும்.

"பை வரட்டும் சாமி. நான் நடக்கிறன்."

"கரைப்பாதையால பொம்பிளையள் போறேல்லை. தெரியும்தானே."

"போகக் கூடாதெண்டு முருகன் சொன்னவரோ, நீங்க சொன்னனீங்களோ?"

"நான்தான் சொல்லுறன். அங்கால யானையளின்ர நடமாட்டம் இருக்கு. பாறை வழுக்கும். ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு?"

"என்ர காலுக்கு நான் பொறுப்பு சாமி. நாற்பது வருசமா இந்தக் கால்தான் என்னைக் கொண்டு திரியுது. நீங்க கொண்டு திரியேல்லை."

பெட்டிக்குள் யாரோ சிரித்தார்கள். வீரகத்தியரின் கழுத்து சிவந்தது. "சாமி, எருமை மாடு மாதிரி நிண்டு பிடிக்காமல் ஏறுங்கோ சாமி" என்றார். அப்போதும் சாமியை விடவில்லை, அந்த வகையில் மனுசன் ஒழுங்கு தப்பாதவர்தான்.

சிவரூபி சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். ஏறவும் இல்லை, சண்டையை நீட்டவும் இல்லை. ட்ரக்டர்க்காரன் எஞ்சினைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் வீரகத்தியர் கையை வீசினார். ட்ரக்டர் போய்விட்டது. "எங்களோட வாறதா நினைக்காதேங்கோ. பின்னால வந்தா அது உங்கட பாடு" என்று சொல்லிவிட்டு அவர் வேலைத் தூக்கினார்.

கட்டு முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய மருதமரம் நிற்கிறது. அதற்கடியில் பிள்ளையார் என்று ஒரு கல். காட்டுக்குள் போகிற எவரும் அங்கே இலையோடு ஒரு குழை முறித்து அந்த மரக்கொப்பில் செருகிவிட்டுத்தான் போவார்கள். அதற்குப் பிறகு யானையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆண்கள் செருகிவிட்டுப் போனார்கள். சிவரூபி அவர்கள் மறையும்வரை நின்றாள். பிறகு தானும் ஒரு குழை முறித்து, எல்லாருடையதுக்கும் மேலே எட்டிச் செருகினாள்.

பாதை லேசானதில்லை. அதைப் பாதை என்று சொல்வதற்கே நல்ல மனது வேண்டும். மருத வேர்கள் கரையில் புடைத்துக்கொண்டு கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஏறி இறங்க வேண்டியிருந்தது. சூரைமுள் சேலையைப் பிடித்து இழுத்தது. சில இடத்தில் கரை அரித்துப்போய், காய்ந்து வெடித்த சேற்றில் இறங்கி, திரும்பக் கையூன்றி ஏற வேண்டியிருந்தது. முழங்கால் முனகியது. அவளுக்கோ சந்தோசம் தாங்கவில்லை. யாருமில்லாத இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். பாறை வந்தபோது செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்காலால் பார்த்துப் பார்த்து ஏறினாள். கணுக்கால் முறிக்கிற பாறை, தோள்மூட்டு விலக்குகிற பாறை, அவளை ஒன்றும் செய்யவில்லை. கல் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

நடுப்பாதையில் ஆண்கள் இளைப்பாற இருந்த இடத்தில் அவர்களைப் பிடித்துவிட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வீரகத்தியர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "வந்ததுதான் வந்தாச்சு, பின்னுக்கு நிக்காமல் நடுவில வாங்கோ" என்றார். சிவரூபி நடுவில் போய்ச் சேர்ந்தாள். அவரும் தோற்கவில்லை, இவளும் வெல்லவில்லை என்கிற மாதிரி நடந்தார்கள்.

குளத்தின் ஒரு முனையில் மலைப்பாறை ஒன்று இறங்கித் தண்ணீரைத் தொடுகிறது. அதற்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு ஒடுக்கமான வழி. அதைத் தொண்டை என்று சொல்வார்கள். அதைத் தாண்டினால் மறுகரை கிட்டத்தான். அவர்கள் பாறைக்கு மேலே வந்தபோது முன்னால் போனவர் கையைக் காட்டி நிறுத்தினார். தொண்டைக்கு அப்பால், காட்டோரமாகப் பெரியவர்கள் நின்றார்கள். நாலைந்து பேர், ஒரு குட்டி. தண்ணீர் குடித்து முடித்து, மேய்ந்தபடி காட்டுப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். பாதை சும்மாதான் கிடந்தது. கொஞ்சம் பொறுத்தால் அவர்கள் தங்கள் பாட்டில் போயிருப்பார்கள்.

பொறுக்காதது தர்சனின் கை. தர்சன் ஒட்டுசுட்டான் பக்கத்து வயற்காரன், முப்பது வயதிருக்கும். வேளாண்மைக் காலத்தில் இரவுபகலாகக் காவலிருந்து யானைவெடி போடுகிறவன். வயலில் நிற்கிறவனுக்கு முன்னால் எப்போதும் காடு, பின்னால் எப்போதும் நெல். காட்டுப்பக்கம் பார்த்து எறிவதுதான் அவனுடைய கைக்குத் தெரிந்த வேலை. பையிலிருந்த வெடியை எடுத்தான், கொளுத்தினான், யாரும் வாய் திறப்பதற்குள் காட்டுப்பக்கம் எறிந்துவிட்டான். இங்கே பின்னால் நெல் இல்லை, குளம் இருக்கிறது என்பதை அந்தக் கை யோசிக்கவில்லை.

வெடி மரங்களுக்குள் விழுந்து வெடித்தது. காட்டுக்குள் போகவிருந்தவர்கள் சத்தம் வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி, நேரே குளத்துக்கு ஓடிவந்தார்கள். வந்து தொண்டையில், பாதையிலேயே, குட்டியை நடுவில் விட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். பெரியவள் ஒருத்தி காதை விரித்து, காலால் சேற்றை உதைத்தாள்.

"உனக்கு ஆரடா வெடி எடுத்துக்கொண்டு வரச்சொன்னது?" என்றார் வீரகத்தியர். சாமி காற்றில் போய்விட்டது. தர்சன் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றான்.

காத்திருந்தார்கள். பெரியவர்கள் அசையவில்லை. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. ஒருவர் மெல்லச் சொன்னார், திரும்பி நடந்தால் பொழுதுபட முன் கட்டுக்குப் போய்விடலாம், ஃபோன் எடுத்தால் ட்ரக்டர் வந்து ஏற்றும். இன்னொருவர் ஆமோதித்தார். பிறகு எல்லாரும் வீரகத்தியரைப் பார்த்தார்கள். வெளிக்கிட்ட வேலைத் திருப்பிக்கொண்டு போகிற வழக்கம் எங்கேயும் இல்லை. அது அவருக்குத்தான் எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். அவர் வேலை மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அதை மூடினார்.

"திரும்புவம்."

எல்லாரும் எழும்பினார்கள். சிவரூபி எழும்பவில்லை.

"எழும்புங்கோ சாமி."

"நீங்க போங்கோ. நான் இருந்து, அவை போனாப் பிறகு வாறன்."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ. அதுகள் எப்ப போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"அவையும் இருட்ட முன்னம் காட்டுக்குப் போகத்தானே வேணும். அவைக்கும் வீடு அங்கதானே."

"உங்களைத் தனிய விட்டுட்டுப் போக ஏலாது. ஆர் பொறுப்பு?"

சிவரூபி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள். "காலமை எங்களை ஏறச் சொன்னனீங்க. பொம்பிளையளுக்கு ஏலாது எண்டனீங்க. இப்ப உங்களுக்கு ஏலாது எண்டோணை நீங்களும் ஏறப்போறியள். ஏறுங்கோ, நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா என்னை ஏறச் சொல்லாதேங்கோ. ஒருக்கா உங்கட சொல்லுக்கு ஏறிப்போட்டு ஒரு வருசம் நித்திரையில்லை."

ஆண்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். தனிய விட்டால் பயத்தில் தானாகப் பின்னால் வருவாள் என்று வீரகத்தியர் கணக்குப் போட்டார். தண்ணீர்ப் போத்தலை அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினார். இறங்கிப் போய்த் திரும்பிப் பார்த்தார், நின்று பார்த்தார், கூப்பிட்டும் பார்த்தார். சிவரூபி அசையவில்லை.

அவர்கள் போன பிறகு பயம் வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். எழும்பி ஓடிப்போய் அவர்களைப் பிடித்துவிடலாம் என்று கால் சொன்னது. அந்தக் காலுக்கு ஓடத்தான் தெரியும், பழகின கால். சிவரூபி இரண்டு காலையும் சப்பாணி கட்டி மடித்து, அதற்கு மேல் கையை ஊன்றிக்கொண்டு இருந்தாள்.

பெரியவள் பாறையைப் பார்த்தாள். சிவரூபி பெரியவளைப் பார்த்தாள். பாறை உயரமானது, ஏறமாட்டாள் என்று தெரியும். ஆனாலும் அந்தக் கண்ணுக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து ஒளித்துக்கொண்டது. அப்போதுதான் சிவரூபிக்குப் பட்டது, இதுகள் வேண்டுமென்று வழியை மறிக்கவில்லை. தங்கள் பாட்டில் வீட்டுக்குப் போன சனம். யாரோ வெடி போட்டான், ஓடி வந்து அகப்பட்ட இடத்தில் நிற்கிறார்கள், பிள்ளையை நடுவில் விட்டுக்கொண்டு.

"நில்லுங்கோ, ஆறுதலா நில்லுங்கோ. நான் ஒண்டும் செய்யமாட்டன். நீங்க போனாப் பிறகு நான் போறன்" என்றாள். கச்சான் காணிக்குள் பக்கத்து வரியில் நிற்கிறவளோடு கதைக்கிற குரலில்தான் சொன்னாள். பிறகு கதைக்கவும் இல்லை, அசையவும் இல்லை. எறும்பு கடித்தது, தட்டவில்லை. தண்ணீர் விடாய்த்தது, போத்தலை எடுக்கவில்லை.

வெயில் பட்டமரங்களுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியபோது பெரியவளின் காது மெல்ல அசைந்தது. சேற்றை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டாள். குட்டி வெளியே வந்து தண்ணீரைத் துழாவியது. பிறகு ஒரு அவசரமும் இல்லாமல், காலையில் போகவிருந்த அதே காட்டுப்பக்கமாக ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். கொப்புகள் முறிகிற சத்தம் தூரத் தூரப் போய் இல்லாமல் போகும்வரை சிவரூபி இருந்தாள். அதன் பிறகுதான் போத்தலைத் திறந்து மடமடவென்று குடித்து முடித்தாள்.

தொண்டையில் இறங்கியபோது சேறு முழங்காலை மூடியது. பெரியவர்கள் உழக்கிய சேறு, ஒவ்வொரு காலையும் இழுத்து இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு செருப்பு இடுப்பிலிருந்து நழுவி எங்கோ புதைந்துவிட்டது. மற்றச் செருப்பை அவளே எடுத்து எறிந்தாள். ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது? அப்பால் ஏறி, ஈச்சம்பற்றைகளை விலக்கிக்கொண்டு, வெளிச்சம் இருக்கிற பக்கமாக நடந்தாள். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை, துடைக்கப் போனால் சேறுதான் பூசுப்படும்.

மறுகரை ரோட்டில் ட்ரக்டர் நின்றது. பெட்டி நிறையச் சனம். ஒரு பக்கத்தில் பெண்கள், மறு பக்கத்தில் ஆண்கள், முழங்காலை மடக்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். வீரகத்தியர் கீழே நின்று பக்கத்து ஊர்க்காரர்கள் சிலரைக் கூட்டி, தேடிப் போவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். ஈச்சம்பற்றைக்குள்ளிருந்து இடுப்புவரை சேறாகச் சிவரூபி வெளியே வந்ததும் அவருடைய கையிலிருந்த டோர்ச் கீழே விழுந்தது.

"உனக்கென்ன விசரோ?" என்று கத்தினார். "பெரியவர் அடிச்சுப் போட்டிருந்தா? உன்ர பெட்டைக்கு நான் என்ன பதில் சொல்லுறது? சுதாகரனுக்கு என்ன சொல்லுறது?" கத்திக்கொண்டே வந்தவருக்குக் குரல் உடைந்துவிட்டது. முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டார். சிவரூபிக்கு அந்த நேரம் அவரில் கோபம் வரவில்லை.

"ஒண்டும் நடக்கேல்லைதானே சாமி. செருப்புத்தான் போச்சுது" என்றாள்.

சுப்பம்மா பெட்டியிலிருந்து எட்டிக் கேட்டாள், "எப்பிடிப் பிள்ளை பாதை?"

"முள்ளு. ஆனா வடிவான முள்ளு."

அன்றைக்குத் தங்குகிற கோயில் அங்கிருந்து இன்னும் கொஞ்சத் தூரம். ட்ரக்டர்க்காரன் இருட்டுகிறது, ஏறச் சொல்லுங்கோ என்று கண்ணைக் காட்டினான். வீரகத்தியர் அவனுக்குக் கையைக் காட்டிவிட்டுப் பெட்டியடிக்குப் போனார். சீற்றுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த வேலை எடுத்தார். சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து சிவரூபிக்கு முன்னால் நின்றார்.

"இண்டைக்கு இது பெட்டியில ஏறிப்போச்சு" என்றார். "நான்தான் ஏத்தினனான். நடந்து வந்தது நீங்க ஒராள்தான். கோயில் மட்டும் நீங்க பிடிச்சுக்கொண்டு முன்னால போங்கோ சாமி."

எங்கள் பக்கத்தில் வேல் பிடிப்பது சின்ன விசயமில்லை. ஒரு பெண்ணின் கையில் அது போனதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பழனியாண்டியின் மகள் கையில் அது வரும் என்று கனவிலும் யாரும் கண்டிருக்கமாட்டார்கள். சுப்பம்மா எழும்பி நின்று கைகூப்பினாள்.

சிவரூபி வேலைப் பார்த்தாள். குனிந்து அதன் அடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கையைக் கீழே விட்டாள்.

"நீங்களே வைச்சிருங்கோ சாமி" என்றாள். "பிறந்த நாளில இருந்து நான் ஒண்டையும் தூக்காமல் நடந்ததில்லை. இண்டைக்கு எனக்குக் கை வீசி நடக்கோணும்."

சொல்லிவிட்டு அவள் நடக்கத் தொடங்கினாள். கிரவல் ரோட்டு வெறுங்காலில் குத்தியது. சேறு காய்ந்து சேலை பட்டையாகத் தொங்கியது. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளையைப் போல இரண்டு கையையும் நன்றாக முன்னும் பின்னும் வீசிக்கொண்டு, ரோட்டின் நடுவால் போனாள். வேல் அவளுக்குப் பின்னால் வந்தது.